காப்பு கட்டிய கடிகாரம்

செயற்கைக்கோள்கள் தன்னைக் கண்டுபிடிக்கும்வரை எபி அசைய மாட்டான். சேலையூர் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் கேபிள் டிவிக் கம்பத்துக்கும் நடுவில், கடிகாரம் கட்டிய இடது கையை வானத்துக்கு நீட்டி, கண்ணை லேசாக மூடிக்கொண்டு நிற்பான். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தால், பெரிய பாவம் ஏதோ செய்துவிட்டு மேலே இருப்பவரிடம் பேசிக்கொண்டிருக்கிறான் என்று நினைப்பார்கள். மனைவி ஜெரூஷா துணி உலர்த்த வந்தால் உதடு அசையாமல் சொல்வான்.

“ஜெரூ, கொஞ்சம் தள்ளி நில்லு. சிக்னல் வந்துக்கிட்டிருக்கு.”

“அவ்வளவு உயரத்துல ஏத்தி வெச்சிருக்காங்க, ஒரு பெட்ஷீட்டைத் தாண்டி அதுக்குக் கண்ணு தெரியாதா?”

எபி பதில் சொல்ல மாட்டான். பதில் சொன்னால் கை ஆடும்.

கடிகாரம் என்று பெயரே தவிர, மணி காட்டுவதை அது கௌரவக் குறைச்சலாக நினைத்தது. தீப்பெட்டிப் பருமனில், கறுப்பாக, மணிக்கட்டில் பாதியை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எவ்வளவு தூரம் ஓடினாய், எவ்வளவு உயரம் ஏறினாய், எங்கே மூச்சு வாங்க நின்றாய் என்று எல்லாவற்றையும் குறித்துவைக்கும். கூடவே மார்பில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை. அது இதயத்துடிப்பை எண்ணி, கம்பி கிம்பி இல்லாமல் கடிகாரத்துக்குக் கோள் சொல்லும். சிறுசேரியில் எபியோடு வேலை பார்க்கும் ஒருவன் அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது, சாக்லேட் பொட்டலங்களுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தது. முதல் வாரம் எபி அதைக் கட்டிக்கொண்டே தூங்கினான்.

“கல்யாணம் ஆன புதுசுல என் கையைக்கூட இவ்வளவு நேரம் நீ பிடிச்சதில்லை” என்றாள் ஜெரூஷா.

இருவரும் ஒரே சபை, ஒரே ஞாயிறு பள்ளி, ஒரே பாடகர் குழு. அதனால் வீட்டுக்குள் ‘நீ’. நாலு பேர் முன்னால் ‘அவர்’. ஜெரூஷா தாம்பரத்தில் ஒரு பள்ளியில் பூகோளம் எடுத்தாள். புருஷனைக் கேலி செய்வது அவளுக்குக் காலை காபி மாதிரி. இல்லாவிட்டால் தலை வலிக்கும். ஆனால் போன வருடம் ஒரு மாதம் அவள் கேலியை அடியோடு நிறுத்தியிருந்தாள். அந்த மாதம் மறுபடி வந்துவிடக் கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே கவலை.

குமாவுன் மலைகளில் வருடா வருடம் மே மாதம் ஒரு ஓட்டம் நடக்கும். மூன்று நாள். பகலெல்லாம் மலையேறி இறங்கி ஓடுவது, ராத்திரி கூடாரத்தில் படுப்பது, விடிந்ததும் மறுபடி ஓடுவது. அதை நடத்துபவர் எட்மண்ட் என்று ஒருவர். நைனிடாலில் இருந்துகொண்டு மின்னஞ்சலில் மட்டும் பேசுவார், அதையும் அளந்து பேசுவார். போன வருடம் எபி விண்ணப்பித்தபோது அவர் எழுதிய பதில் இவ்வளவுதான்: ‘தாங்கள் வசிக்கும் ஊர் கிட்டத்தட்ட கடல் மட்டத்தில் இருக்கிறது. மலை எப்படி இருக்கும் என்று தங்களுக்குத் தெரியும் என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. மன்னிக்கவும்.’

அதற்குள் ஜெரூஷாவின் அப்பா வேதசிரோமணி, சபைக் கமிட்டிச் செயலாளர், மருமகன் இமயமலைக்கு ஓடப்போவதை ஞாயிறு ஆராதனையில் விசேஷ ஜெபக் குறிப்பாக அறிவித்துவிட்டிருந்தார். எபி ஓடும் ஷூவைச் செய்தித்தாளில் சுற்றிப் பரண்மேல் போட்டான். ஒரு மாதம் அவன் வாயிலிருந்து ‘ம்’, ‘சரி’ தவிர வேறு வார்த்தை வரவில்லை. ஒருநாள் ஜெரூஷா சாம்பாரில் உப்பு போட மறந்துபோனாள். அவன் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்து போனான். அன்றைக்குத்தான் அவளுக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

இந்த வருடம் எட்மண்ட் கொஞ்சம் இறங்கிவந்திருந்தார். சமவெளிக்காரர்கள் அடுத்தடுத்து மூன்று நாள், மொத்தம் ஆறாயிரம் மீட்டர் ஏறியதற்குக் கடிகாரப் பதிவை அனுப்பினால் போதும். ஜனவரி முடிவதற்குள் அனுப்ப வேண்டும்.

“எந்த மலைன்னு ரூல்ஸ்ல போடல” என்றான் எபி. குரலில் திருட்டுச் சந்தோஷம். “நம்ம திரிசூலம் இருக்கில்ல? ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னாடி, மேல தர்கா இருக்குமே, அது. பாதையில ஏறினா நூறு மீட்டர்.”

“அது மலை இல்ல எபி. குன்று. ஏழாம் வகுப்புப் பாடம்.”

“அறுபது தடவை ஏறினா மலைதான்.”

இரண்டாயிரத்து ஒன்பது பொங்கலுக்குச் சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை. பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல். நாளைக்கு இருபது ஏற்றம். கடிகாரத்தின் மின்சாரம் பத்து மணி நேரம்தான் தாங்கும். அதற்குள் அன்றைய இருபதையும் முடித்து, வீட்டுக்கு வந்து, பதிவைக் கணினியில் ஏற்றி, கடிகாரத்தைச் சார்ஜில் போட வேண்டும். எபி இதையெல்லாம் ஒரு போர்த் தளபதியைப் போல் விளக்கினான். ஜெரூஷா பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே கேட்டாள்.

முதல் நாள் சாயங்காலம் அவன் மின்சார ரயிலில் திரும்பி வந்தான். உப்புப் பூத்த சட்டை, வெயிலில் வெந்த மூக்கு, பல்லெல்லாம் சிரிப்பு. கணினியில் பதிவை ஏற்றியதும் இருவரும் திரையைப் பார்த்தார்கள். இருபது ஏற்றமும் ரம்பப் பல் மாதிரி வரிசையாக நின்றன. கடைசியில் மட்டும் எபி ரயில் வேகத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டித் தாம்பரம்வரை பறந்திருந்தான்.

“பட்டனை நிறுத்த மறந்துட்டேன்” என்றான் எபி.

“வெட்டிடாத. இதை அனுப்பினா ஒலிம்பிக்ஸுக்கே கூப்பிடுவாங்க.”

ரயில் பயணத்தை வெட்டி எறிந்தார்கள். மலை பத்திரமாக இருந்தது.

“அங்க ஜனங்க ரொம்ப நல்லவங்க ஜெரூ” என்றான் படுக்கப் போகும்போது. “அடிவாரத்துல பூக்கடை வெச்சிருக்கிற அம்மா ரெண்டு தடவை மோர் குடுத்தாங்க. கேக்கவே இல்ல, அவங்களாவே.”

ஏன் கொடுத்தார்கள் என்பது மறுநாள் ஜெரூஷாவுக்குத் தெரிந்தது.

எலுமிச்சைச் சாதத்தைத் தூக்கில் போட்டுக்கொண்டு மதியம் அவள் போய்ச் சேர்ந்தபோது, அடிவாரத்தில் வேப்பமரத்து நிழலில் பூக்கடை இருந்தது. கடைக்காரம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். பெயர் பேபி. ஜெரூஷாவை ஏற இறங்கப் பார்த்தாள். குறிப்பாக வயிற்றை.

“அந்தத் தம்பி வூட்டுக்காரியா நீ? வா கண்ணு, குந்து. மேல போய்க்கீறாரு. இப்ப வந்துருவாரு.”

“பரவாயில்லக்கா, நிக்கறேன்.”

“எத்தினி வருசம் ஆவுது கண்ணாலம் ஆயி?”

“மூணு.”

பேபி உச்சுக் கொட்டினாள். ஒரு முழம் மல்லிகையை அறுத்து ஜெரூஷாவின் கையில் திணித்தாள். “கவலப்படாத. இந்த மாதிரி ஒரு ஆம்பளைய நான் பாத்ததே இல்ல. புள்ள வரம் கேட்டுப் பொம்பளைங்கதான் ஏறும். இவரு பாரு, கைல காப்பு கட்டிக்கினு, விடிஞ்சதுலேருந்து ஏறிக்கினே கீறாரு. அடுத்த தை மாசம் தொட்டில் ஆடும், நான் சொல்றேன்.”

ஜெரூஷாவுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. வேண்டுதல் எடுப்பவர்கள் கையில் காப்பு கட்டிக்கொள்வார்கள். வேண்டுதல் முடியும்வரை அதைக் கழற்ற மாட்டார்கள். எபியின் மணிக்கட்டில் கறுப்பாக ஒன்று. காலையில் வந்ததும் கையை வானத்துக்குத் தூக்கிக் கண்ணை மூடி நிற்கிறான். ஒவ்வொரு ஏற்றமும் தொடங்கும்போது அதை ஒருமுறை தொடுகிறான், மேலே போய் ஒருமுறை தொடுகிறான், பட்டனை அழுத்துவதற்காக. பேபி வேறு என்ன நினைப்பாள்?

“அய்யோ, அது காப்பு இல்லக்கா. வாட்ச். அவர் இமயமலையில ஓடப்போறாரு, அதுக்காக இங்க ஓடிப் பாக்கறாரு.”

பேபி யோசித்தாள். “அங்கயும் வேண்டுதலா?”

“வேண்டுதலே இல்லக்கா!”

“சும்மாவா ஒருத்தன் இந்த வெயில்ல இத்தினி வாட்டி ஏறுவான்? லூசா அவரு?” என்றாள் பேபி. பிறகு, இரக்கத்தோடு அவள் முழங்கையைத் தட்டினாள். “வெக்கப்படாத கண்ணு. இதுல இன்னா வெக்கம்.”

புருஷன் லூசா, பக்திமானா என்று கேட்டால் எந்த மனைவியும் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். எபி அந்த நேரம் பார்த்துக் கீழே இறங்கி வந்தான்; கடிகாரத்தைத் தொட்டான்; பேபி கொடுத்த மோரை ஒரே மூச்சில் குடித்தான்; “தேங்க்ஸ்கா” என்று கும்பிட்டுவிட்டு மறுபடி ஏறினான். சுற்றி நின்ற இரண்டு பெண்கள் அவன் போன திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலமே வேதசிரோமணி போன் செய்தார்.

“ஜெரூ, மருமகன் தர்காவுக்குப் பொருத்தனை பண்ணியிருக்காராமே? பல்லாவரத்துலேருந்து மூணு பேர் சொல்லிட்டாங்க.”

“இல்லப்பா. பிராக்டிஸ்.”

“கையில கயிறு கட்டியிருக்காராம்.”

“அது வாட்ச்ப்பா.”

“வாட்சை ஏம்மா தொட்டுத் தொட்டுக் கும்பிடறாரு?”

“அது அவருக்கும் வாட்சுக்கும் உள்ள விஷயம்ப்பா. நான் தலையிடறதில்ல” என்று சொல்லி வைத்துவிட்டாள். எபி கட்டிலில் காலை நீட்டிக் கிடந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சிரிக்கும்போது தொடை வலித்தது. “இன்னும் இருபது. இருபதே இருபதுதான் ஜெரூ” என்றான். அவன் கண்ணில் இருந்ததைப் பார்த்து அவள் கேலியை அன்றைக்கு அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காணும் பொங்கல். பல்லாவரம், குரோம்பேட்டை, அனகாபுத்தூர் என்று சுற்றுவட்டாரம் முழுக்கக் குன்றின்மேல்தான் இருந்தது. புளிச்சாதக் குடும்பங்கள், பலூன்காரர்கள், பாறைகளில் ஆளுக்கொரு திசையில் உட்கார்ந்திருந்த காதலர்கள். எபி கூட்டத்துக்குள் நெளிந்து நெளிந்து ஏறினான். ஜெரூஷா காலையிலிருந்தே பேபியின் கடையில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். விளக்கம் சொல்வதை விட்டுவிட்டாள். சுடிதாரும், பள்ளிக்குப் போட்டுப்போகும் கான்வாஸ் ஷூவும் போட்டிருந்தாள்; நாள் முழுவதும் நிற்கும் உத்தியோகத்துக்கு அதுதான் லாயக்கு.

பதினாறாவது ஏற்றம் முடிந்து இறங்கும்போது எபி விழுந்தான். ஒரு குடும்பம் படியெல்லாம் கரும்பு தின்று துப்பிவைத்திருந்தது. சக்கையில் கால் வழுக்கி, கணுக்கால் மடங்கி, நான்கு படி உட்கார்ந்தபடியே இறங்கினான். இரண்டு பேர் அவனைத் தோளில் தாங்கிக் கொண்டுவந்து பேபியின் கடை முன்னால் இறக்கினார்கள். கணுக்கால் அதற்குள் இட்லி மாதிரி உப்பிவிட்டிருந்தது. பேபி சோடாக்கடையிலிருந்து ஐஸ் வாங்கிவந்து தன் முந்தானையில் கட்டி வைத்தாள்.

எபி காலைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தான்.

“இன்னும் நாலு” என்றான். “நானூறு மீட்டர். சார்ஜ் ஒரே ஒரு கட்டம்தான் இருக்கு.” எழுந்து நிற்கப் பார்த்தான். நின்றான். காலை ஊன்றினான். முகம் வெளுத்து மறுபடி உட்கார்ந்தான். பிறகு “ம்” என்றான். “சரி.”

அந்த இரண்டு வார்த்தைகளும் ஜெரூஷாவுக்குப் பழக்கமானவை. பரண் ஏணியை இப்போதே எடுத்துச் சார்த்திவிட்டான் என்று தோன்றியது.

பேபிதான் முதலில் பேசினாள். ரொம்பச் சாதாரணமாக, பால் பொங்கினால் அடுப்பை அணை என்று சொல்வதைப் போல. “காப்பு கட்டுனவரு விழுந்துட்டா இன்னா? வூட்டு ஆளு கட்டிக்கினு முடிக்கலாம். என் புருசன் காய்ச்சல்ல படுத்துக்கினப்போ அவரு காவடிய நான்தான் தூக்குனேன். அதான் மொற. கழட்டிக் குடு தம்பி.”

“அக்கா, அது அப்படி இல்ல...” என்று எபி ஆரம்பித்தான்.

“கழட்டு” என்றாள் ஜெரூஷா.

“ஜெரூ, ரூல்ஸ்படி நான்தான் ஏறணும்.”

“ரூல்ஸ் நைனிடால்ல இருக்கு. நான் இங்க இருக்கேன். சார்ஜ் போயிட்டிருக்கு எபி.”

அவன் கையிலிருந்து அவளே கழற்றினாள். பேபி அதை வாங்கி, கண்ணில் ஒற்றி, ஜெரூஷாவின் மணிக்கட்டில் கட்டி, மேலே மல்லிகைச் சரத்தையும் ஒரு சுற்றுச் சுற்றினாள். சபைக் கமிட்டிச் செயலாளரின் மகள் அந்த நேரத்தில் வானத்தில் போன விமானத்தைக் கவனமாகப் பார்த்தாள்.

முதல் ஏற்றத்தில் அவளுக்கு எபி மட்டும்தான் ஞாபகம். சார்ஜ் தீர்வதற்குள் முடிக்க வேண்டும் என்று ஓடினாள். பாதி வழியில் மூச்சு முட்டியது, நடந்தாள், மறுபடி ஓடினாள். இரண்டு பீரியடுக்கு நடுவில் சாக்பீஸும் உலக உருண்டையுமாக மூன்று மாடி ஏறும் கால்கள் அவை. தம்மைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னதில்லை என்ற வருத்தத்தில் இருந்தவை போல, திடீரென்று வேலையை எடுத்துப் போட்டுக்கொண்டு செய்தன.

மேலே தர்காவைப் பார்த்துக்கொள்ளும் அப்துல் கஃபார் பாய் குடத்தோடு நின்றார்.

“அந்தப் பையன் எங்கம்மா?”

“விழுந்துட்டாரு பாய். மீதியை நான் ஏறறேன்.”

அவர் அவள் கையில் தண்ணீர் ஊற்றினார். “மூணு நாளா வர்றான். ஒரு தடவைகூட ஊரைப் பாக்கல. கையைப் பாத்துக்கிட்டே வந்து கையைப் பாத்துக்கிட்டே போயிடறான். அப்படி என்னம்மா இருக்கு அந்தக் கையில?”

“எனக்கும் தெரியல பாய்” என்றாள் ஜெரூஷா. பட்டனை அழுத்திவிட்டு இறங்கி ஓடினாள்.

இரண்டாவது முறை மேலே வந்தபோது அவள் ஊரைப் பார்த்தாள். ஒரு விமானம் அவளுக்குக் கீழே தரையிறங்கிக்கொண்டிருந்தது. விமானத்தின் முதுகை அவள் அதுவரை பார்த்ததில்லை. அதற்கு இந்தப் பக்கம் மஞ்சள்பச்சை மின்சார ரயில் ஒன்று, யாரோ மெல்ல இழுக்கும் நூலைப் போல, பல்லாவரத்துக்குப் போனது. மூன்றாவது ஏற்றத்தில் கூட்டம் அவளுக்கு வழிவிடக் கற்றுக்கொண்டிருந்தது. “ஏ, காப்பு கட்டுன அக்கா வருது, தள்ளு” என்று ஒரு குரல். நான்காவதில் குரல்கள் கேட்கவில்லை. மூச்சு ஒரு ராகம் பிடித்துக்கொண்டது. கால் அதற்குத் தாளம் போட்டது. காற்று உப்பாக இருந்தது. எபி, எட்மண்ட், பரண், சாம்பார் எதுவும் மனதில் இல்லை. அடுத்த படி மட்டும் இருந்தது. அதற்கடுத்த படியும் இருக்கிறது என்பது பெரிய சந்தோஷமாக இருந்தது. உச்சிக்கு வந்ததும் இவ்வளவுதானா என்று ஒரு சின்ன ஏமாற்றம் வந்தது. அதை யாரிடமும் சொல்வதற்கில்லை என்று தீர்மானித்துக்கொண்டு இறங்கினாள்.

கீழே பேபி கை தட்டினாள். வேண்டுதல் முடிந்த கணக்கில் பொட்டுக்கடலையும் சர்க்கரையும் எல்லோருக்கும் போயின. எபி கடிகாரத்தை வாங்கிப் பதிவைச் சேமித்தான். மூன்று நாளும் சேர்த்து ஆறாயிரத்தைத் தாண்டியிருந்தது. சேமித்து முடித்த கொஞ்ச நேரத்தில் அது கண்ணை மூடிவிட்டது. எபி அவளைப் பார்த்த பார்வையில் மூன்று வருடக் கேலிக்கும் மன்னிப்பு இருந்தது.

மன்னிப்பு குரோம்பேட்டைவரைதான் தாங்கியது.

“இது தப்பு ஜெரூ” என்றான், ரயிலில், வீங்கிய காலை எதிர் இருக்கையில் நீட்டியபடி.

“ஒரே வீடு, ஒரே ரேஷன் கார்டு, ஒரே வாட்ச். என்ன தப்பு?”

“ஒரே கால் இல்லையே.”

வீட்டுக்கு வந்து பதிவை ஏற்றினார்கள். ரம்பப் பற்கள் இருபதும் இருந்தன. கடைசி நான்கு மற்றவற்றைவிடச் செங்குத்து; அன்றைய நாளிலேயே வேகமான ஏற்றங்கள் அவை. அதற்குக் கீழே இதயத்துடிப்புக் கோடு. பதினாறு ஏற்றம்வரை அது மேலும் கீழும் குதித்துக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. வெறுமை. கடிகாரம் ஜெரூஷாவோடு மலையேறியபோது, மார்புப் பட்டை எபியோடு பூக்கடையில் உட்கார்ந்து ஐஸ் வைத்துக்கொண்டிருந்ததே.

இருவரும் திரையையே பார்த்தார்கள்.

“அதாவது” என்றான் எபி மெல்ல, “பதினாறாவது ஏத்தத்துல நான் செத்துப்போயிட்டேன். செத்தப்புறம் நாலு தடவை ஏறியிருக்கேன். உயிரோட இருந்ததைவிட வேகமா.”

ஜெரூஷா சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் சொன்னாள்: “பட்டை கழண்டு போச்சுன்னு எழுது. வேர்வையில நழுவறதுதானே? நீயே எத்தனை தடவை திட்டியிருக்கே.”

உண்மைதான். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஒரே ஒரு வரி. எபி தட்டச்சுப் பலகையில் கையை வைத்தான்; எடுத்தான்; வைத்தான்.

“எழுதலாம்” என்றான். “ஆனா அங்க போய் ஓடறப்போ, மூணு நாளும் இந்த நாலு ஏத்தம் என் முன்னாடி ஓடிக்கிட்டிருக்கும் ஜெரூ. அதைத் துரத்திப் பிடிக்க என்னால முடியாது. நீ ரொம்ப வேகமா ஏறியிருக்க.”

அவன் எட்மண்டுக்கு நடந்ததை அப்படியே எழுதினான். கரும்புச் சக்கை, காப்பு, பேபி, மனைவி, நின்றுபோன இதயம், எல்லாம். அனுப்பிவிட்டுக் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தான். படுத்ததும் தூங்கியும்போனான்.

ஜெரூஷாவுக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வாரம் முழுவதும் அவள்தான் சரியில்லை. எபி நொண்டிக்கொண்டே சிறுசேரிப் பேருந்தைப் பிடித்தான், வாய்க்கு வந்த கீர்த்தனையை முணுமுணுத்தான், காபியில் சர்க்கரை போதவில்லை என்று வாரத்தில் மூன்று நாள் குறை சொன்னான். ஜெரூஷா பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூட வைக்காமல் கணினியைத் திறந்து பதில் வந்திருக்கிறதா என்று பார்த்தாள். அவனுக்காகத்தான் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டாள். பள்ளியில் மூன்றாவது மாடிக்கு அவசியமே இல்லாமல் இரண்டு முறை ஏறியதற்கு மட்டும் அவளிடம் காரணம் இல்லை.

சனிக்கிழமை பதில் வந்தது. எபி வாசித்தான்; அவள் பின்னால் நின்று அவன் தோளுக்கு மேலாக வாசித்தாள்.

‘அன்புள்ள எபி, தங்கள் தனிப்பட்ட விண்ணப்பத்தை ஏற்க இயலாது. நான்கு ஏற்றங்கள் குறைகின்றன, அவற்றைத் தாங்கள் ஏறவில்லை. தாங்களே சொன்னதற்கு நன்றி. இதைச் சொல்லாதவர்கள் நிறையப் பேரை நான் மலைமேல் பார்த்திருக்கிறேன், அவர்களைக் கீழே இறக்கிக் கொண்டுவருவது எங்கள் வேலையாகிவிடுகிறது. எங்களிடம் இருவர் அணி என்று ஒரு பிரிவு இருக்கிறது. தொடக்கத்திலிருந்து முடிவுவரை இருவரும் சேர்ந்தே ஓட வேண்டும். இருவரின் ஏற்றத்தையும் கூட்டிக் கணக்கில் எடுத்துக்கொள்வோம். அந்தக் கணக்குப்படி ஆறாயிரம் நிறைவாக இருக்கிறது. மே மாதத்துக்குள் அவரும் நன்றாகப் பழகிக்கொள்ள வேண்டும். ஆனால் இதற்குத் தங்கள் சம்மதம் எனக்குப் போதாது. கடைசி நான்கையும் ஏறியவர் தாமே எழுதட்டும்.’

எபி நாற்காலியோடு திரும்பினான். அவன் முகத்தில் ஆசை அப்பட்டமாக இருந்தது; அதை மறைக்க அவன் பட்ட பாடும் அப்பட்டமாக இருந்தது.

“நீ எனக்காக வர வேண்டாம் ஜெரூ” என்றான். “நிஜமா சொல்றேன். அடுத்த வருஷம் நான் மறுபடி ஏறிக்கறேன். கரும்பு சீசன் இல்லாதப்போ.”

வழக்கமாக இந்த இடத்தில் அவளிடம் ஒரு கேலி தயாராக இருக்கும். தேடினாள். கிடைக்கவில்லை. ஸ்கூல் இருக்கிறது என்று சொல்லலாம். மே மாதம் ஸ்கூல் கிடையாது. அப்பா என்ன சொல்வார் என்று கேட்கலாம்; அப்பா ஜெபக் குறிப்பில் இன்னொரு பெயரைச் சேர்ப்பார். பயமாக இருக்கிறது என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. அந்த உண்மைக்குப் பக்கத்திலேயே, நான்காவது ஏற்றத்தின் உச்சியில் இவ்வளவுதானா என்று வந்த அந்த ஏமாற்றமும் உட்கார்ந்திருந்தது. இத்தனை நாள் அவள் அதற்கு முகம் கொடுக்கவில்லை.

“எழுந்திரு” என்றாள்.

எபி எழுந்தான். அவள் உட்கார்ந்து, திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, இரண்டு விரல்களால் மெதுவாகத் தட்டினாள்.

‘ஐயா, வருகிறேன். கணவருக்கு உதவியாக அல்ல. எனக்கே வர வேண்டும் என்று இருக்கிறது. இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை; உடனே சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும். ஒரே ஒரு சந்தேகம். இருவரும் சேர்ந்து ஓட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏற்றத்தில் அவர் பின்தங்கினால் நான் நிற்க வேண்டுமா, அல்லது மேலே போய்க் காத்திருக்கலாமா?’

“என்ன எழுதறே? இவ்வளவு நேரமா?” எபி எட்டிப் பார்த்தான்.

அவள் அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டுத் திரையை அணைத்தாள்.

“உனக்கு எதுக்கு? என்கிட்டதானே கேட்டிருக்காரு.”